மதுரை விளக்குத்தூண் பருத்திப்பால் வண்டி

போன மாதம் மூன்று நாள் மதுரையில் தங்கியிருந்தேன். மூன்று நாளும் சாயங்காலம் ஆறு மணிக்கு விளக்குத்தூண் பக்கம் துணிக்கடைக் கூட்டம் நெரியும் ஒரு தெருவில், ஒரே தள்ளுவண்டியின் முன்னால்தான் போய் நின்றேன். வண்டிக்குப் பெயர்ப்பலகை கிடையாது. கழுத்தில் ஈரத்துணி சுற்றிய பித்தளை அண்டா, ஒரு தட்டு நிறையத் துருவிய தேங்காய், இரண்டு அடுக்குக் கோப்பைகள். அண்டாவுக்குப் பின்னால் அறுபது வயதைத் தாண்டிய ஒரு பெரியவர். அவர் விற்பது பருத்திப்பால் ஒன்றைத்தான்.

நான் ஆறு வருடங்களாக வீகன். நனிசைவம் என்று எழுதுகிறவர்களும் உண்டு. பால், தயிர், நெய், தேன், முட்டை எதையும் தொடுவதில்லை. பட்டு உடுத்துவதில்லை, தோல் செருப்பு போடுவதில்லை. அதனால் வெளியூரில் ‘பால்’ என்ற சொல் காதில் விழுந்ததும் கை தானாகப் பின்னுக்குப் போகும். அன்றும் முதலில் கேள்வியைத்தான் கேட்டேன்.

“இதில் என்னென்ன போடுகிறீர்கள் ஐயா?”

அவர் விரல் மடக்கிச் சொன்னார். “பருத்திக்கொட்டை, பச்சரிசி, வெல்லம், சுக்கு, ஏலக்காய். மேலே தேங்காய்ப்பூ. அவ்வளவுதான் தாயி.”

“மாட்டுப்பால்?”

“அதை ஊற்றினால் கொட்டைப்பாலின் ருசி போய்விடும்.”

கருப்பட்டியா என்று கேட்டேன். “கருப்பட்டி விலைக்குக் கட்டுப்படியாகாது, வெல்லம்தான்” என்று மறைக்காமல் சொன்னார். அந்தப் பதிலிலேயே எனக்கு இந்த வண்டியைப் பிடித்துவிட்டது. பானையில் இருக்கும் ஒவ்வொரு பொருளையும் தெரிந்தவர், அதைச் சொல்லத் தயங்காதவர். வீகனாக ஊர் சுற்றுகிறவர்களுக்கு இதைவிடப் பெரிய உபசாரம் கிடையாது.

அகப்பையை அண்டாவின் அடிவரை விட்டு ஒரு சுற்றுச் சுற்றி எடுக்கிறார். கோப்பையில் ஊற்றும்போது நூல் போல் இறங்காமல் மடிப்பு மடிப்பாக விழுகிறது. அரிசிமாவு கொடுத்த கெட்டி அது. நிறம், மழைக்காலத்து ஆற்றுத் தண்ணீரின் செம்பழுப்பு. முதல் வாயில் வெல்லம், அடுத்து கடலையை நினைவுபடுத்தும் ஒரு பச்சை வாசம், விழுங்கிய பிறகு தொண்டையில் சுக்கின் எரிவு. நடு நடுவே தேங்காய்ப்பூ பல்லில் கடிபடும். குடித்து முடிக்கப் பத்து நிமிடம் ஆகிறது, அவ்வளவு சூடு. விலை 25 ரூபாய். ஒரு கோப்பை உள்ளே போனால் இரவுச் சாப்பாட்டைப் பாதியாகக் குறைத்துக்கொள்ளலாம்.

கொட்டையை வீட்டில் அவருடைய மனைவி முந்தின இரவே ஊறவைத்து, காலையில் ஆட்டிப் பிழிகிறாராம். முதல் பால், இரண்டாம் பால், மூன்றாம் பால் என்று தேங்காய்ப்பால் எடுப்பது போலவே. பஞ்சு ஒட்டிய கொட்டை என்பதால் இரண்டு தடவை துணியில் வடிகட்ட வேண்டும். பிறகு நன்றாகக் கொதிக்க வேண்டும். பச்சைக் கொட்டைப்பால் உடம்புக்கு ஆகாது, அதில் அவசரப்படக் கூடாது என்றார்.

நான் ஏன் ஒரு கோப்பைக்காக இவ்வளவு நெகிழ்கிறேன் என்பதற்குக் காரணம் உண்டு. திருச்சியில் நான் சிறுமியாக இருந்தபோது எங்கள் தெருவுக்குப் பசுவை ஓட்டிவந்து வாசலிலேயே கறந்து கொடுப்பவர் ஒருவர் இருந்தார். கன்று செத்துப்போன பிறகு, அதன் தோலுக்குள் வைக்கோலைத் திணித்துத் தைத்து, அதைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வருவார். பசுவின் முன்னால் வைத்ததும் அது நக்கத் தொடங்கும், மடி சுரக்கும். அந்தத் தோல் கன்றுக்கு ஒரு காது பிய்ந்துபோய் வைக்கோல் வெளியே தெரியும். பசு அந்த இடத்தையேதான் நக்கிக்கொண்டிருக்கும். நான் சொம்போடு நின்று பார்த்திருக்கிறேன். அப்போது என்னவோ போல் இருந்தது, அவ்வளவுதான். பாலை விட்டது நாற்பது வயதுக்குப் பிறகு. ஆனால் விட்ட அன்று எனக்கு ஞாபகம் வந்தது அந்தக் காது.

அதே பசுவுக்குப் பால் நன்றாகச் சுரக்க வேண்டும் என்று ஊறவைத்து ஆட்டிக் கொடுத்ததும் பருத்திக்கொட்டையைத்தான். மாட்டின் வயிற்றுக்குள் போய் வர வேண்டிய அவசியமே இல்லாமல், கொட்டையிலிருந்தே பாலைப் பிழிந்து சுக்கும் வெல்லமும் சேர்த்துக் குடிக்கலாம் என்று கண்டுபிடித்தவர் யாரோ, அவர் கைக்குக் காப்புப் போட வேண்டும். ‘வீகன்’ என்ற சொல் இங்கிலாந்தில் 1944-இல்தான் பிறந்தது. பாதாம் பால், ஓட்ஸ் பால் என்று சூப்பர் மார்க்கெட்டில் ஒரு லிட்டருக்கு முந்நூறு ரூபாய் எண்ணி வைக்கிற நம்மில் எத்தனை பேருக்கு, விளக்குத்தூண் தெருவில் கோப்பை 25 ரூபாய்க்கு இது கிடைக்கிறது என்று தெரியும்?

இதே மதுரையில் பெயர்பெற்ற சைவ ஓட்டல் ஒன்றில் எனக்கு நடந்ததையும் சொல்ல வேண்டும். நெய் வேண்டாம், பால் தயிர் எதுவும் ஆகாது என்று சொல்லி இட்லி கேட்டேன். இட்லி வந்தது. பொடியில் நெய் குழைத்திருந்தார்கள். திருப்பிக் கொடுத்தபோது, “நெய்தானே அம்மா, பால் இல்லையே” என்றார் பரிமாறியவர். அவர்மேல் எனக்குக் கோபமில்லை; அவருக்கு யாரும் சொல்லித்தரவில்லை. மேலாளரிடம் கேட்டேன். “இது சுத்த சைவம்” என்பதற்கு மேல் அவரிடம் பதில் இல்லை. குளிர்சாதன அறை, நாலு பக்க மெனு, ஆனால் சமையலறையில் என்ன கலக்கிறார்கள் என்று மேஜைக்கு வருகிறவருக்குத் தெரியாது. பச்சைப் புள்ளி போட்ட பாக்கெட்டிலும் பால் பொருள் இருக்கலாம் என்பதை நாம் மறந்துவிடுகிறோம். அதற்காகத்தான் வீகன் உணவுக்கென்றே 2022-இல் தனி விதிமுறை வந்து, இலை முளைத்த பச்சை நிற ‘வி’ முத்திரையும் வந்தது. முத்திரை பாக்கெட்டுக்குத்தான், ஓட்டல் தட்டுக்கு நம் வாய்தான் துணை.

கேட்கும்போது “பால் உண்டா?” என்று நிறுத்திவிடாதீர்கள். பால், தயிர், மோர், வெண்ணெய், நெய் என்று ஐந்தையும் தனித்தனியாகக் கேளுங்கள். ரவா தோசை மாவில் மோர் விடுவார்கள். வாழைப்பூவை நறுக்கி மோரில் போட்டிருப்பார்கள். மோர்மிளகாயை யாரும் பால் பொருளாக நினைப்பதே இல்லை. வெஜிடபிள் பிரியாணியில் தயிர் இருக்கும். பரோட்டா மாவில் முட்டையும் பாலும் சேர்க்கிறவர்கள் உண்டு. ஜிகர்தண்டாவுக்குப் பாலே அடிப்படை, அதை விட்டுவிடுங்கள். நான் மூன்று இரவும் தெருவோர இட்லிக் கடைகளிலும் ஆப்பக் கடையிலும்தான் சாப்பிட்டேன். இட்லியும் மூன்று சட்னியும், ஆப்பத்துக்குத் தேங்காய்ப்பால். அடுப்புப் பக்கத்திலேயே நின்று கேட்கலாம், கண்ணால் பார்க்கலாம்.

சுங்குடிச் சேலை ஒன்றும் வாங்கினேன். துணியில் முடிச்சுப் போட்டுச் சாயத்தில் முக்குவார்கள். முடிச்சு இருந்த இடம் வெள்ளைப் புள்ளியாக நின்றுவிடும். பருத்தி புடவையாய்க் காய்த்தது போல என்று பழமொழி உண்டே, எனக்கு அன்று குடிக்கவும் உடுக்கவும் ஒரே செடி காய்த்தது. பட்டுச் சேலை ஒன்றுக்குப் பல ஆயிரம் கூடுகளைப் புழுவோடு வேகவைக்கிறார்கள். என் அண்ணன் மகள் கல்யாணத்துக்கு இந்தச் சுங்குடியைத்தான் கட்டப் போகிறேன்.

இனி குறைகள். உட்கார இடமில்லை; வயதானவர்களைக் கூட்டிப் போனால் சிரமம். காகிதக் கோப்பையின் உள்பக்கம் பிளாஸ்டிக் பூச்சு இருக்கிறது. இவ்வளவு சூடான பானத்தை அதில் குடிக்க எனக்கு மனம் ஒப்பவில்லை, அதனால் இரண்டாம் நாள் என் எவர்சில்வர் டம்ளரைக் கொண்டுபோனேன். அவர் வாங்கி, சுடுதண்ணீரில் ஒரு அலசு அலசி, அளவுக்குச் சற்று மேலாகவே ஊற்றினார். வெல்லம் கூடுதல், சர்க்கரை நோயாளிகளுக்கு இது ஆகாது. இரவு எட்டு மணிக்கு மேல் போனால் அண்டாவின் அடி கெட்டிப்பட்டுக் கூழாகிவிடுகிறது, அதில் லேசாக அடிப்பிடித்த வாசமும் உண்டு.

எல்லாப் பருத்திப்பால் வண்டியையும் இதே நம்பிக்கையில் அணுக வேண்டாம். வேறொரு தெருவில் குடித்தது வெளுப்பாக இருந்தது. கேட்டதற்கு, கொஞ்சம் மாட்டுப்பாலும் விடுவோம் என்றார்கள். பாதியில் வைத்துவிட்டு வந்தேன். நிறம் வெளுத்திருந்தால் கேட்காமல் வாங்காதீர்கள்.

பெரியவர் ஐந்தரைக்கு வண்டியைக் கொண்டுவந்து நிறுத்துகிறார். அண்டா தீர்ந்ததும் கிளம்பிவிடுகிறார். சனிக்கிழமை ஏழரைக்கே தீர்ந்துவிட்டது. ஆறு மணிக்குப் போங்கள். டம்ளரை மறக்காதீர்கள். தேங்காய்ப்பூ இன்னும் கொஞ்சம் வேண்டுமென்றால் கேளுங்கள், தருவார்.