‘உங்க ஃபைல்லதான் தப்பு’ என்று சொல்லும் சிஎன்சி கடையில் பணம் கொடுக்கும் முன்

கோவைப் பக்கம் சிஎன்சி ரௌட்டரில் (கணினி ஓட்டும் வெட்டு மெஷின்) பிளைவுட் வெட்டக் கொடுக்கப் போகிறவர்கள் தயவுசெய்து இதைப் படித்துவிட்டு வரைபட ஃபைலை அனுப்புங்கள். ஒரு ஜாப் ஒர்க் கடையில் முழு 8×4 அடி ஷீட் ஒன்று வீணாய்ப் போனது. பழியை ஃபைல் மேல் போட்டு, இரண்டாவது ஷீட்டுக்கும் வெட்டுக்கூலிக்கும் முழுப் பணம் வாங்கினார்கள். கடையின் பெயர் வேண்டாம். என்ன நடந்தது, அதை எப்படிக் கண்டுபிடிப்பது என்பதுதான் முக்கியம்.

கொடுத்தது மிகச் சாதாரண வேலை. புத்தக அலமாரிக்குப் பக்கப் பலகை, 18 மி.மீ. மரைன் பிளை (தண்ணீர் தாங்கும் பிளைவுட்), 900×300 அளவில் ஆறு துண்டு. ஒவ்வொன்றிலும் தட்டு செருக 150×17.8 ஸ்லாட் நான்கு, சுவரில் மாட்ட 8 மி.மீ. துளை இரண்டு, துளை மையங்களுக்கு நடுவே 800. பிளை 18 என்று விற்றாலும் வெர்னியர் (நுண்ணளவுக் கருவி) வைத்துப் பார்த்தால் 17.6 இருந்தது. அதனால்தான் ஸ்லாட் 17.8. இந்த 0.2 மி.மீ. தளர்வு இருந்தால் தட்டு கையால் இறங்கும், ஆனால் ஆடாது. எந்த ஷீட் வெட்டப் போகிறதோ அதையே நான்கைந்து இடத்தில் அளந்துவிட்டு ஸ்லாட் வரையுங்கள். பில்லில் போட்ட தடிமனை நம்பாதீர்கள்.

வந்தது இது: பலகை 894×294. ஸ்லாட் 156×23.8. 8 மி.மீ. துளை 14 ஆகியிருந்தது. தட்டைச் செருகினால் நிற்கவில்லை, சாய்ந்து விழுகிறது. கேட்டதற்கு, வரைந்த மென்பொருளான கோரல் டிராவைக் குறை சொல்லி வந்த பதில்: “ஸ்கேல் மாறிருக்கு சார். கோரல்ல இருந்து எடுத்தா இப்படித்தான் வரும்.”

இந்தப் பதில் பொய் என்பதை வெட்டிய பலகையே காட்டிக்கொடுக்கிறது. ஸ்கேல் மாறினால் எல்லாமே ஒரே விகிதத்தில் மாறும். 900 என்பது 894 ஆகச் சுருங்கினால் 8 மி.மீ. துளையும் 7.95 ஆகச் சுருங்க வேண்டும். 14 ஆக ஊதிப் பெருக வழியே இல்லை. இன்னொரு சாட்சி மைய இடைவெளி. துளை மையங்களுக்கு நடுவே அளந்தால் 800 அப்படியே இருந்தது. ஸ்கேல் தவறியிருந்தால் அது கிட்டத்தட்ட 794.7 ஆகியிருக்கும். வெளி அளவு 6 குறைந்து, உள் அளவு 6 கூடி, மையம் மட்டும் நகராமல் இருந்தால் ஒரே காரணம்தான்: 6 மி.மீ. பிட்டை (சுழன்று வெட்டும் முனை) கோட்டின் மேலேயே ஓட்டியிருக்கிறார்கள்.

ஆஸ்பயர் போன்ற மென்பொருளில் ப்ரொஃபைல் பாத் (பிட் ஓட வேண்டிய வழி) போடும்போது அவுட்சைட், இன்சைட், ஆன் என்று மூன்று தேர்வு வரும். பலகையின் வெளிக்கோட்டுக்கு அவுட்சைட், ஸ்லாட்டுக்கும் துளைக்கும் இன்சைட். அப்போதுதான் பிட்டின் மையம் கோட்டிலிருந்து 3 மி.மீ. தள்ளி ஓடும். மொத்தக் கோடுகளையும் ஒரே இழுப்பில் செலக்ட் செய்து ‘ஆன்’ கொடுத்தால் வேலை சீக்கிரம் முடியும். ஜாலி (சல்லடை போன்ற அலங்கார) டிசைன் வெட்டிப் பழகியவர்களுக்கு 3 மி.மீ. போனாலும் கண்ணில் படாது. பொருத்தி நிற்க வேண்டிய சாமானுக்கு அந்த 3 மி.மீ. தான் உயிர்.

வேறு தவறுகளுக்கும் இப்படி அடையாளம் உண்டு. வெளி அளவு 6-க்குப் பதில் 12 குறைந்திருந்தால், வெளிக்கோட்டுக்கு இன்சைட் கொடுத்திருக்கிறார்கள். வெளி அளவு 0.2 கூடி ஸ்லாட் 0.2 குறைந்திருந்தால், சாணை பிடித்த 5.8 பிட்டைப் போட்டுவிட்டு 6 என்று பதிந்திருக்கிறார்கள், அப்போது 17.8 ஸ்லாட் 17.6 ஆகிவிடும், 17.6 தட்டு கையால் இறங்காது. வட்டம் முட்டையாக வந்தால் மெஷினின் ஒரு அச்சில் அளவுத் திருத்தம் தவறு, அல்லது திருகில் லூஸ். இவை எதுவும் ஃபைலின் குற்றமல்ல.

இரண்டாவது ஷீட்டில் அவுட்சைட், இன்சைட் சரியாகக் கொடுத்தார்கள், வெட்டும் வரிசையைக் கெடுத்தார்கள். முதலில் வெளிக்கோடு, பிறகு ஸ்லாட். பிரிட்ஜ் (பலகையை ஷீட்டோடு பிடித்து வைக்க வெட்டாமல் விடும் சிறு இணைப்பு) விடவே இல்லை. வெளிக்கோடு முழுக்க அறுந்ததும் பலகை பிடிப்பில்லாமல் கிடக்கும். அதற்குப் பிறகு ஸ்லாட் வெட்டினால் பிட் அதை இழுத்துத் திருப்பிவிடும். இரண்டு பலகையில் ஸ்லாட் கோணலாகிப் போனதற்கு இதுவே காரணம். உள் வெட்டுகள் எல்லாம் முடிந்த பிறகே வெளிக்கோடு. அதிலும் இந்த அளவுப் பலகைக்கு 6 மி.மீ. அகலம், 3 மி.மீ. உயரத்தில் ஆறு பிரிட்ஜாவது வேண்டும். உளியால் தட்டி எடுத்து உப்புத்தாள் போட்டால் தடம் தெரியாது.

ஓரமெல்லாம் கருகியும் இருந்தது. “மெதுவா ஓட்டினோம் சார், நல்லா வரணும்னு” என்றார்கள். மெதுவாக ஓட்டியதுதான் கருகலுக்குக் காரணம். பிட் நிமிடத்துக்கு 18,000 முறை சுழன்று, அதற்கு இரண்டு வெட்டுமுனை, முனைக்கு 0.1 மி.மீ. சீவல் என்றால் நிமிடத்துக்கு 3,600 மி.மீ. ஓட்ட வேண்டும். அதே சுழற்சியில் 1,000-இல் ஓட்டினால் பிட் சீவாமல் தேய்க்கிறது. தேய்ந்தால் சூடு, சூட்டில் பிட்டின் கூரும் போய்விடும். ஆழத்தில் நிதானம் காட்டியிருக்கலாம்: 6 மி.மீ. பிட்டுக்கு ஒரு சுற்றில் (கோட்டின் வழியே ஒரு முறை ஓடுவது) 6 ஆழம் போதும், 18-க்கு மூன்று சுற்று. இங்கே இரண்டே சுற்றில் 9, 9 என இறக்கியதால் பிட் வளைந்து ஓரம் சரிந்திருந்தது.

பிளையையும் பாருங்கள். பேசியது ஐஎஸ் 710 (மரைன் பிளைக்கான இந்தியத் தர எண்) மரைன். எந்தத் துண்டிலும் அந்த முத்திரை இல்லை, மிச்சத் துண்டையும் தரவில்லை. ஒரு பலகையின் மூலையை அறுத்து வெந்நீரில் கொதிக்கவிட்டதில் சில மணி நேரத்திலேயே அடுக்கு பிரிந்தது. மரைன் பிளை அவ்வளவு சீக்கிரம் பிரியாது. ஷீட்டைக் கடையே போடுகிறது என்றால் வெட்டும் முன் முத்திரையைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள், மிச்சத்தைக் கேட்டு வாங்குங்கள்.

ஃபைல் தரப்பில் அவர்களுக்கு ஒரு சாக்கும் கிடைக்காதபடி செய்யலாம். மில்லிமீட்டரில் 1:1, இடது கீழ் மூலை பூஜ்யம். எல்லாக் கோடும் மூடியிருக்க வேண்டும். ஒரு மூலையில் 0.01 இடைவெளி இருந்தாலும் மென்பொருளுக்கு எது உள்ளே, எது வெளியே என்று தெரியாது. கோட்டின் மேல் கோடு படிந்திருந்தால் நீக்குங்கள்; மெஷின் அதே வழியில் இருமுறை ஓடும், வெட்டிய நீளத்துக்கு மீட்டர் கணக்கில் கூலி என்றால் இருமுறை பணமும் போகும். ஸ்லாட்டின் நான்கு மூலையிலும் டாக்போன் (மூலையைத் தாண்டி வெட்டும் சிறு வட்டம்) வரையுங்கள், இல்லையென்றால் 3 மி.மீ. வளைவு நின்று தட்டின் மூலை உட்காராது. அந்த வட்டத்தைச் சரியாக 6 என்று போடாமல் 6.4 போடுங்கள், 6 போட்டால் பிட் நுழைய இடமில்லை என்று மென்பொருள் அதைத் தாண்டிவிடலாம். வெளி வெட்டு, உள் வெட்டு இரண்டுக்கும் தனித்தனி லேயர், தனித்தனி நிறம். அளவுக் குறிப்புகள் வெட்டும் ஃபைலில் வேண்டாம், தனிப் பிடிஎஃப்பாக அனுப்புங்கள். ஒரு ஓரத்தில் 100×100 சதுரம் ஒன்றைத் தனி லேயரில், வெட்ட வேண்டாம் என்று எழுதி வையுங்கள். ஸ்கேல் பற்றிய பேச்சு எழுந்தால் அவர்கள் திரையிலேயே அதை அளக்கச் சொல்லலாம்.

வாட்ஸ்அப்பில் எழுத்தில் போட வேண்டியவை: பிட் அளவு, வெளிக்கு அவுட்சைட், உள்ளுக்கு இன்சைட், உள் வெட்டு முதலில், பிரிட்ஜ் எத்தனை, ஒரு சுற்றுக்கு ஆழம். அத்துடன், முழு ஷீட் ஏற்றும் முன் அதே பிளையின் கழிவில் 100×100 சதுரம், நடுவில் 30 மி.மீ. துளை, பக்கத்தில் 17.8 ஸ்லாட் வெட்டிக் காட்டச் சொல்லுங்கள். ஐந்து நிமிட வேலை. வெர்னியரும் தட்டின் ஒரு துண்டும் கையில் எடுத்துப் போங்கள். சதுரம் 100, துளை 30 வந்து, தட்டு கையழுத்தத்தில் இறங்கினால் ஷீட்டை ஏற்றச் சொல்லுங்கள். சதுரம் 94, துளை 36 வந்தால் ஷீட்டை அப்படியே வண்டியில் திருப்பி ஏற்றுங்கள்.