16 இஞ்ச் சக்கரமும் ஸ்பீடோமீட்டர் முள்ளும்: மூன்று வருட அனுபவம்

வீடு செங்கோட்டை, வேலை எல்லைக்கு அந்தப் பக்கம் கேரளத்துப் புனலூரில். வாரத்தில் நாலு நாள் புளியரை வழியாக மலையேறி, கோட்டைவாசல் தாண்டி, ஆரியங்காவு, கழுதுருட்டி, தென்மலை என்று இறங்கிப் போய்விட்டுச் சாயங்காலம் அதே வழியில் திரும்புகிறவன் நான். வண்டி 2016-இல் வாங்கிய மாருதி ஸ்விஃப்ட் கார், விஎக்ஸ்ஐ மாடல், பெட்ரோல். கம்பெனி கொடுத்த டயர் 165/80 ஆர்14, இரும்பு ரிம். மூன்று வருடத்துக்கு முன்னால் அதைக் கழற்றிவிட்டு 16 இஞ்ச் அலாய் சக்கரத்தில் 195/60 டயர் போட்டேன். போன மாதம் அதையும் கழற்றிவிட்டேன். இடைப்பட்ட காலத்தில் ஸ்பீடோமீட்டரும் டிரிப் மீட்டரும் (அந்தந்தப் பயணத்தின் தூரத்தைத் தனியாகக் காட்டுவது) மைலேஜும் எப்படியெல்லாம் மாறின என்று நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன். பெரிய சக்கரம் போட நினைக்கிறவர்கள் ஒருமுறை படித்துவிட்டுப் போடட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

பழைய டயர் 48,000 கிலோமீட்டர் ஓடியிருந்தது. பட்டன், அதாவது தரையைத் தொடும் ரப்பர் கட்டைகளின் ஆழம், 3 மில்லிமீட்டர்தான் மிச்சம். மாற்றியே ஆகவேண்டும் என்று டயர் கடைக்குப் போனேன். கடைக்காரர் சொன்னார்: "அண்ணாச்சி, எப்படியும் டயர் மாத்தப் போறீங்க. கூடக் கொஞ்சம் போட்டா அலாயோட 16 இஞ்ச் ஆயிரும். வண்டி நிமிந்து நிக்கும். மழையில தென்மலைப் பள்ளத்துல இறங்கினா அடி தட்டாது."

அந்தக் கடைசி வரிதான் என்னை விழ வைத்தது. ஜூன் மாதம் பிறந்தால் அந்தச் சாலை என்ன பாடுபடும் என்பது அதில் போய் வருகிறவர்களுக்குத் தெரியும். "மீட்டர்ல வித்தியாசம் வருமா?" என்று கேட்டேன். "அதெல்லாம் ஒண்ணும் தெரியாது அண்ணாச்சி" என்றார். அவர் பொய் சொல்லவில்லை. ஓட்டும்போது நிஜமாகவே எதுவும் தெரியாது. சிக்கலே அதில்தான் இருக்கிறது.

முதல் நாள் புனலூர் தூக்குப்பாலத்தடியில் நிறுத்தி டிரிப் மீட்டரைப் பார்த்தேன். எங்கள் வீட்டு வாசலிலிருந்து அந்த இடம் வரைக்கும் எப்போதும் 53 காட்டும். அன்றைக்கு 50.5. வழியில் எங்கேயும் குறுக்குப்பாதை கிடையாது. மலைச்சாலை, ஒரே வழி. இரண்டரைக் கிலோமீட்டர் எங்கே போயிற்று?

கணக்கு எளிதுதான். ஸ்பீடோமீட்டருக்குத் தூரம் தெரியாது, சுற்று மட்டும்தான் தெரியும். பழைய வண்டிகளில் கியர்பாக்ஸிலிருந்து கேபிள் வரும். இப்போதெல்லாம் கியர்பாக்ஸிலோ சக்கரத்திலோ சென்சார் இருக்கும். எதுவானாலும் அது எண்ணுவது சுற்றைத்தான். ஒரு சுற்றுக்கு இத்தனை தூரம் என்று கம்பெனி டயரின் சுற்றளவை வைத்துக் கணக்குப் போட்டுக் கொடுத்திருப்பார்கள். டயர் பெரிதானால் ஒரு சுற்றில் வண்டி அதிகத் தூரம் போகும், மீட்டரோ பழைய தூரத்தையே எழுதிக்கொண்டிருக்கும்.

டயரின் பக்கவாட்டில் இருக்கும் எண்ணை வைத்து விட்டம் கண்டுபிடிக்கலாம். 165/80 என்றால் அகலம் 165 மில்லிமீட்டர், பக்கச்சுவரின் உயரம் அதில் 80 சதவீதம், அதாவது 132. மேலும் கீழும் சேர்த்து 264. அதோடு 14 இஞ்ச் ரிம், 355.6. மொத்தம் 619.6 மில்லிமீட்டர். இதேபோல 195/60 ஆர்16-க்குப் போட்டால் 640.4 வருகிறது. வித்தியாசம் 3.4 சதவீதம். ஆனால் என் டிரிப் மீட்டரில் குறைந்திருந்தது கிட்டத்தட்ட 5 சதவீதம். கணக்கும் கண்ணால் கண்டதும் ஒத்துவரவில்லை என்பதால் மனசு அமைதியாகவில்லை.

பழைய சக்கரங்களை விற்காமல் மாட்டுக்கொட்டகையில் போட்டிருந்தது நல்லதாகப் போயிற்று. ஒரு ஞாயிற்றுக்கிழமை வண்டியை நெல் காயப்போடும் சிமெண்ட் களத்துக்குக் கொண்டுபோனேன். நானும் என் பையனும்தான். முன்சக்கரம் தரையைத் தொடும் இடத்தில் டயரிலும் தரையிலும் சாக்பீஸால் ஒரே நேராகக் கோடு போட்டோம். நான் வெளியே நின்று ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டே தள்ள, பையன் குனிந்தபடி கூடவே நகர்ந்து வந்து சுற்றை எண்ணினான். "ரெண்டு... அப்பா, மெதுவா... மெதுவா... நில்லுங்க." மூன்றாவது சுற்றில் டயரின் கோடு மறுபடி தரையைத் தொட்ட இடத்தில் இன்னொரு கோடு. ஆசாரியிடம் வாங்கி வந்த நீள டேப்பை விரித்துப் பார்த்தால் 5 மீட்டர் 85 சென்டிமீட்டர். அப்புறம் ஜாக்கி போட்டுப் பழைய 14 இஞ்ச் சக்கரத்தை மாட்டி, காற்றையும் சரிபார்த்து, அதே மாதிரி தள்ளினோம். 5 மீட்டர் 57. ஐந்து சதவீதம் சரியாக இருந்தது. டிரிப் மீட்டர் பொய் சொல்லவில்லை.

காகிதக் கணக்கு எங்கே தப்பியது என்று அப்போதுதான் பிடிபட்டது. புது டயரின் பட்டன் ஆழம் சுமார் 8 மில்லிமீட்டர். என்னுடையது தேய்ந்து 3-க்கு வந்திருந்தது. ஒரு பக்கம் 5 என்றால் விட்டத்தில் 10 போயிருக்கிறது. அதாவது 619.6 இருந்த டயர் 609.6 ஆகிவிட்டது. எண்ணை வைத்துப் போடும் கணக்கு புது டயரையும் புது டயரையும் ஒப்பிடும். நாம் மாற்றுவதோ தேய்ந்த டயரிலிருந்து புது டயருக்கு. கடையில் "மூணு சதவீதம்தானே" என்று சொன்னால், வண்டியை எடுத்துக்கொண்டு வெளியே வரும்போது அது ஐந்தாக இருக்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இனி வேகம். பழைய டயரில் முள் 80-இல் நின்றால் கைபேசியின் ஜிபிஎஸ் 75 காட்டும். இது என் வண்டியில் மட்டும் இருக்கும் குறை இல்லை. ஐக்கிய நாடுகளின் 39-ஆம் எண் வாகன விதி, ஸ்பீடோமீட்டர் நிஜ வேகத்தைவிடக் குறைத்துக் காட்டவே கூடாது என்கிறது. கூட்டிக் காட்டலாம், அதுவும் நிஜ வேகத்தில் பத்தில் ஒரு பங்கோடு 4 கிலோமீட்டர் வரைக்கும். அதனால் கம்பெனிகள் கொஞ்சம் கூட்டியே வைத்துக் கொடுக்கின்றன. டிரிப் மீட்டரில் அந்தக் கூட்டல் இருக்க வேண்டிய அவசியம் இல்லை. அதனால்தான் ஒரே வண்டியில் முள் ஒரு மாதிரியும் கிலோமீட்டர் ஒரு மாதிரியும் தப்பும்.

16 இஞ்ச் போட்ட பிறகு ஆலங்குளம் பக்கம் நாலுவழிச் சாலையில், நேரான இடமாகப் பார்த்து, முள்ளை ஒரே இடத்தில் ஒரு நிமிடம் நிறுத்தி அளந்தேன். முள் 50-இல் நிஜ வேகம் 49. முள் 80-இல் 79. முள் 100-இல் கிட்டத்தட்ட 99. (மலைப்பாதையில் அளக்காதீர்கள். புளியரை எஸ் வளைவிலும் தென்மலை மரநிழலிலும் ஜிபிஎஸ் தடுமாறும், வேகமும் நிலையாக இருக்காது.) பார்க்கப்போனால் முள் முன்பைவிட உண்மைக்குப் பக்கத்தில் வந்துவிட்டது. நண்பர் ஒருவர் இதைக் கேட்டு, "அப்போ நல்லதுதானே மாப்ள" என்றார்.

நல்லது இல்லை. ஏன் என்று சொல்கிறேன். பத்து வருடம் ஒரே வண்டியை ஓட்டுகிறவன் முள்ளைப் பார்த்து ஓட்டுவதில்லை, முள்ளோடு சேர்ந்த ஒரு பழக்கத்தில் ஓட்டுகிறான். கேரளத்தில் நகர எல்லைக்குள் கார்களுக்கு 50 என்றால், முள்ளை 54-இல் வைத்தாலும் நிஜத்தில் 50-ஐ ஒட்டித்தான் போகிறேன் என்று எனக்குத் தெரியும். புனலூர் கடைத்தெருவில் அப்படித்தான் காலை வைப்பேன். சக்கரம் மாற்றிய மறுநாளும் அதே 54. நிஜத்தில் அது 53. கம்பெனி விட்டு வைத்திருந்த அந்த இடைவெளியை என் பழக்கம் எப்போதோ தின்று தீர்த்திருந்தது, டயர் வந்து மிச்சத்தையும் எடுத்துக்கொண்டது.

அதைவிடப் பெரிய விஷயம் இறக்கம். ஆரியங்காவிலிருந்து கழுதுருட்டி பதிமூன்று கண் பாலம் வரை ஒவ்வொரு வளைவுக்கும் எனக்கு ஒரு முள் கணக்கு உண்டு. இந்த வளைவு 40, அந்த வளைவு 35 என்று. எல்லாம் பழைய டயரில் பழகியது. வேகம் 5 சதவீதம் கூடினால், பிரேக் பிடித்த பிறகு வண்டி நிற்க எடுக்கும் தூரம் சுமார் 10 சதவீதம் கூடும். ஏனென்றால் அது வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப ஏறுகிறது. மழை நேரத்தில் ரப்பர் மரத்து இலை விழுந்து கிடக்கும் சாலையில் பத்தில் ஒரு பங்கு என்பது சின்னத் தூரம் இல்லை. முதல் இரண்டு வாரம் ஒவ்வொரு வளைவுக்கும் கணக்கைத் திருத்திக்கொண்டு வேண்டுமென்றே மெதுவாக ஓட்டினேன். சக்கரம் மாற்றுகிற எல்லோரும் இதைச் செய்யவேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

மைலேஜில் நான் கொஞ்ச நாள் ஏமாந்தேன். டேங்க் நிறைத்து, அடுத்த முறை நிறைக்கும் வரை ஓடிய தூரத்தை வகுத்துப் பார்ப்பது என் வழக்கம். முன்பு 17.0 வந்தது. மாற்றிய பிறகு 15.6. லிட்டருக்கு ஒன்றரைக் கிலோமீட்டர் போயிற்றே என்று வருத்தப்பட்டேன். அப்புறம் மீட்டரின் தப்பைத் திருத்திப் பார்த்தேன். தேய்ந்த டயரில் மீட்டர் தூரத்தைக் கூட்டிக் காட்டியிருந்ததால் பழைய நிஜக் கணக்கு 16.7. பெரிய டயரில் குறைத்துக் காட்டியதால் புது நிஜக் கணக்கு 16.1. உண்மையில் குறைந்தது 0.6 மட்டும். அந்த 0.6-க்குக் காரணம் எடை என்று நினைக்கிறேன். டயரோடு சேர்த்துத் தூக்கிப் பார்த்தாலே புதுச் சக்கரம் கனம் அதிகம் என்று கை சொல்லிவிடும்.

கியரிலும் வித்தியாசம் தெரிந்தது. சக்கரம் பெரிதானால் எல்லா கியரும் ஒரு சிறு அளவு உயர்ந்த மாதிரி. கோட்டைவாசல் ஏற்றத்தில் மூன்றாவது கியரிலேயே ஏறிய இடத்தில் இரண்டாவதுக்கு இறக்கவேண்டி வந்தது. நாலு பேர் உட்கார்ந்து ஸ்டியரிங்கை முழுதாகத் திருப்பினால் உள் பிளாஸ்டிக்கில் டயர் உரசும் சத்தம் கேட்டது. கடைக்காரர் சொன்ன உயரமோ வெறும் 10 மில்லிமீட்டர். விட்டத்தில் கூடிய 20.8-இல் பாதிதான் தரைக்கு மேலே வரும்.

நீண்ட நாள் வைத்திருந்ததால் இன்னொன்றும் பார்க்க முடிந்தது. மீட்டரில் 38,000 ஓடிய பிறகு அதே களத்தில் மறுபடி சாக்பீஸ் கோடு போட்டோம். பையன் இதற்குள் என் உயரம் வளர்ந்துவிட்டான், அவன் தள்ள நான் எண்ணினேன். மூன்று சுற்றுக்கு 5 மீட்டர் 77. பட்டன் மூன்றரை மில்லிமீட்டர் மிச்சம். முள் 80-இல் நிஜ வேகம் 78. அதாவது சக்கரம் தேயத் தேய மீட்டரின் தப்பும் தானாக மாறிக்கொண்டே போகிறது. ஒருமுறை அளந்து வைத்த திருத்தம் டயர் ஆயுள் முழுக்கச் செல்லாது. புது டயர் போட்டதும் ஒருமுறை, பாதி தேய்ந்ததும் ஒருமுறை பார்ப்பது நல்லது. இந்த 38,000-க்கு வண்டி நிஜத்தில் ஓடியது ஏறத்தாழ 39,000. ஆயில் மாற்றும் கணக்கில் இது பெரிய விஷயம் இல்லை. ஆனால் வண்டியை விற்கும்போது வாங்குகிறவரிடம் சொல்லிவிடவேண்டிய ஆயிரம் கிலோமீட்டர் அது.

2019 ஜூலை முதல் தயாராகும் கார்களில் 80-ஐத் தாண்டினால் எச்சரிக்கை ஒலி வருகிறதே, அதுவும் இதே மீட்டரை நம்பித்தான் ஒலிக்கிறது. சக்கரம் மாறினால் ஒலி வரும் நிஜ வேகமும் மாறும்.

சட்டத்தையும் சொல்லிவிடுகிறேன். 2019 ஜனவரியில், கேரளத்திலிருந்து போன வழக்கு ஒன்றில்தான், மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவின்படி தயாரிப்பாளர் கொடுத்த அமைப்புக்கு மாறாக வண்டியை மாற்றக்கூடாது என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. எல்லை தாண்டித் தினமும் போகிறவர்கள் சக்கரம் வாங்குமுன் இதை மனதில் வைத்துக்கொள்ளவேண்டும். எனக்கு இது பின்னால்தான் தெரிந்தது.

போன மழையில் தென்மலைக்கு இந்தப் பக்கம் தண்ணீர் மூடிய பள்ளத்தில் இறங்கி முன் அலாய் ஒன்று வளைந்தது. அப்போது தேடியதில் கண்ணில் பட்டது, எங்கள் ஸ்விஃப்டின் உயர்ந்த மாடலான இசட்எக்ஸ்ஐ-க்குக் கம்பெனியே கொடுத்த அளவு: 185/65 ஆர்15. கணக்குப் போட்டால் 621.5 மில்லிமீட்டர். ரிம் ஒரு இஞ்ச் பெரிது, டயரின் மொத்த உயரத்தில் இரண்டு மில்லிமீட்டர்கூட வித்தியாசம் இல்லை. ரிம் பெரிதாகும்போது பக்கச்சுவரைக் குறைத்து விட்டத்தை அப்படியே வைத்திருக்கிறார்கள். முதலிலேயே இதைப் போட்டிருக்கலாம். கடைக்குப் போகுமுன் அவரவர் வண்டியின் உயர்ந்த மாடல் என்ன டயரில் ஓடுகிறது என்று பாருங்கள். ஓட்டுநர் பக்கக் கதவுச் சட்டத்தில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரிலோ கையேட்டிலோ அளவு இருக்கும்.

15 இஞ்ச் போட்டு முதல் நாள் புனலூர் போனேன். முள் 80-இல் ஜிபிஎஸ் 76, 77 என்று நின்றது. தூக்குப்பாலத்தடியில் நிறுத்தி டிரிப் மீட்டரைப் பார்த்தேன். 52.0. சாலையின் நிஜத் தூரம் 52.2.