வீடு தேடி வரும் மாத்திரையா, போனில் வரும் டாக்டரா?

வேப்பனப்பள்ளி பக்கம், ஆந்திர எல்லையை ஒட்டிய கிராமங்களில் சர்க்கரை, ரத்தக்கொதிப்பு உள்ளவர்களுக்கு இன்று இரண்டு வழிகள் உண்டு.

ஒன்று, வீட்டுக்கே வந்து பார்க்கும் தமிழக அரசின் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம். 2021 ஆகஸ்ட் 5 அன்று இதே கிருஷ்ணகிரி மாவட்டத்துச் சாமனப்பள்ளியில்தான் தொடங்கியது. தன்னார்வலர் அக்கா திண்ணையில் உட்கார்ந்து, கையில் பட்டையைச் சுற்றி பிரஷர் பார்ப்பார். விரல் நுனியில் ஒரு சொட்டு ரத்தம் எடுத்து சர்க்கரை அளவு பார்ப்பார். மாத்திரையையும் கையோடு கொடுத்துவிடுவார். உள்ளூர்க்காரர் என்பதால் தெலுங்கு பேசும் பாட்டிக்கு, எதைக் காலையில் போடணும், எதை ராத்திரி போடணும் என்று தெலுங்கிலேயே சொல்லிக்கொடுப்பார். எனக்கு இதுதான் பெரிய விஷயம். படுத்த படுக்கையாய் இருப்பவர்களுக்கு இயன்முறை மருத்துவமும் வீட்டுக்கே வருகிறது.

இன்னொன்று, போன் வழியே டாக்டரைப் பார்க்கும் மத்திய அரசின் இ-சஞ்சீவனி சேவை. வீடியோவில் டாக்டரிடமே பேசலாம், காசு கிடையாது, மருந்துச் சீட்டும் போனுக்கே வரும். சரி, ஆனால் ஸ்மார்ட்போனும் சிக்னலும் வேண்டுமே! அப்புறம், மாத்திரை வாங்க எப்படியும் பஸ் ஏறணும்.

மாதாமாதம் மாத்திரை வாங்கும் வயதானவர்களுக்கு முதல் வழியைத்தான் சொல்வேன். திடீரென்று தோலில் தடிப்பு, குழந்தைக்குச் சளி என்றால் போன் நல்லது. நெஞ்சுவலிக்கு இரண்டுமே வேண்டாம், உடனே 108-ஐக் கூப்பிடுங்கள்.