கீபோர்டு நல்லதுதான், உயரம்தான் உயிரை வாங்குகிறது

உசிலம்பட்டியில் டைப்பிங் கடை போடப்போகும் சித்தப்பா மகன், "அண்ணே, நீங்க வச்சிருக்கிற அதே கீபோர்டு விலை இறங்கியிருக்கு, வாங்கிரவா?" என்று கேட்டிருக்கிறான். போனில் பதில் சொல்ல ஆரம்பித்தால் எனக்குக் கோபம் வந்துவிடும். அதனால் எழுதிவிடுகிறேன். கம்பெனி பெயர் வேண்டாம். முழு சைஸ், வயர் வைத்தது, அடித்தால் டிக் டிக் என்று கேட்கிற, கீக்குக் கீ தனி ஸ்விட்ச் வைத்த மெக்கானிக்கல் ரகம். மற்ற விவரமெல்லாம் டப்பாவிலேயே அச்சடித்திருக்கிறார்கள்.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன், பிறகு மறந்துவிடும். என் கடை மதுரை ஒத்தக்கடையில். 2004-இல் ஹைகோர்ட் கிளை வந்ததிலிருந்து இந்தப் பக்கம் டைப்பிங் வேலைக்குப் பஞ்சமில்லை. அஃபிடவிட், வக்கீல் நோட்டீஸ், வாடகை ஒப்பந்தம் என்று காலையில் உட்கார்ந்தால் கடை சாத்தும் வரை அடிதான். இத்தனை வருட அடிக்கும் இந்தக் கீபோர்டு அசரவில்லை. ஒவ்வொரு கீயும் 4 மில்லிமீட்டர் இறங்கும். பாதி இறங்கும்போதே எழுத்து விழுந்துவிடும், கூடவே அந்தச் சத்தமும். அடிவரை குத்த வேண்டியதே இல்லை. டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டில் 'யளனகபக' என்று முதல் பாடம் அடித்துப் பழகிய விரல்களுக்கு இதைவிட வேறு என்ன வேண்டும்?

போன மாதம் ஒரு வில்லங்கம் வந்தது. ஒருமுறை அழுத்தினால் 'க' இரண்டுமுறை விழ ஆரம்பித்தது. நான் தமிழ்99-க்கு மாறி ரொம்ப நாளாகிறது. 1999-இல் சென்னையில் நடந்த தமிழ்நெட் மாநாட்டை ஒட்டி அரசு தரப்படுத்திய தமிழ்க் கீபோர்டு முறை அது. அதில் ஒரே மெய்யை இரண்டுமுறை அடித்தால் முதல் எழுத்துக்குத் தானாகவே புள்ளி வந்துவிடும். சாதாரண நாளில் பெரிய வசதி. கீ கெட்டுப்போனால்? 'மகன்' எல்லாம் 'மக்கன்' ஆகிவிடும். கோர்ட் காகிதத்தில் மகன் இல்லாத பக்கம் உண்டா? ஒரு குமாஸ்தா சத்தம் போட்டு வாசித்துக் காட்டிவிட்டுச் சிரித்தார். டவுன்ஹால் ரோட்டில் ஒரு கடையில் கொடுத்தேன். அந்த ஒரு ஸ்விட்சை மட்டும் சால்டரிங் எடுத்துவிட்டு வேறு வைத்துக் கொடுத்துவிட்டார்கள். அதுவும் ஒரு பிளஸ்தான். சாதாரண கீபோர்டு என்றால் ஒரு கீ போனால் மொத்தமும் குப்பை.

ரிப்பேரில் இருந்த நாட்களில்தான் எரிச்சல் முற்றியது. கடையில் கிடந்த தகடு மாதிரி மெல்லிய கீபோர்டை எடுத்து வைத்து அடித்தேன். அடிக்கவே பிடிக்கவில்லை. விரல் நுனி தரையில் மோதுகிறது, எழுத்து விழுந்ததா இல்லையா என்று திரையைப் பார்க்க வேண்டியிருக்கிறது, பிழை வேறு கூடிப்போனது. ஆனால் சாயங்காலம் கழுத்துக்கும் தோளுக்கும் நடுவில் வழக்கமாக வரும் வலி பாதிதான் வந்தது. முன்கையின் மேல்பக்க எரிச்சலும் குறைவு. அந்த மட்டமான சாமானை எனக்குத் துளியும் பிடிக்காது. அதுதான் என் கைக்கு ஒத்துப்போகிறது என்றால் ஆத்திரம் வருமா வராதா?

டேப்பை எடுத்து அளந்தேன். தம்பி, நீயும் வாங்குவதற்கு முன் இதை அளந்துவிடு. பாதம் தரையில் படிய உட்கார்ந்து, தோளைத் தளர்த்தி, முழங்கையை உடம்போடு ஒட்டி மடக்கினால் முழங்கை எந்த உயரத்தில் நிற்கிறதோ, ஏறக்குறைய அந்த உயரத்தில்தான் கீகள் இருக்க வேண்டும். கொஞ்சம் கீழே இருந்தாலும் பரவாயில்லை, மேலே கூடாது. எனக்கு 26 அங்குலம். கடையில் விற்கிற மேசை 30 அங்குலம். அது பேனா பிடித்து எழுதுவதற்கான உயரம். அதன் மேல் இந்தக் கீபோர்டை வைத்தால் நடு வரிசை இன்னும் ஒன்றரை அங்குலம் ஏறிவிடுகிறது. ஆக என் கை இருக்க வேண்டிய இடத்தைவிட ஐந்தரை அங்குலம் மேலே நாள் முழுக்க வேலை செய்திருக்கிறது. தோளைத் தூக்கினால் தோள் வலி. தோளை விட்டு மணிக்கட்டை மேசையில் சாய்த்தால் கை பின்பக்கமாக மடங்குகிறது. மணிக்கட்டில் ஒரு குறுகிய வழியில்தான் ஒன்பது தசைநாண்களும் ஒரு நரம்பும் போகின்றன. மடங்க மடங்க அந்த நரம்பின் மேல் அழுத்தம் ஏறும். பெருவிரலிலிருந்து மோதிர விரல் வரை மரத்துப்போக ஆரம்பித்தால் டாக்டரைப் பார்க்க வேண்டியதுதான். எனக்கு அதுவரை போகவில்லை.

இன்ஸ்டிட்யூட்டில் டைப்ரைட்டர் இதைவிட உயரமாயிற்றே என்று கேட்பாய். மிஷின் உயரம்தான், ஆனால் மேசை குட்டை. டைப்ரைட்டர் மேசை என்றே தனியாகச் செய்வார்கள். மணிக்கட்டு கீழே சாய்ந்தால் மாஸ்டர் ஸ்கேலால் தட்டுவார். வரிக்கு வரி கேரேஜைத் தள்ள வேண்டியிருந்ததால் கைக்குக் கொஞ்சம் ஓய்வும் கிடைத்தது. கம்ப்யூட்டர் வந்ததும் அந்தக் குட்டை மேசைகளைப் பழைய இரும்புக்குப் போட்டுவிட்டு ஆபீஸ் மேசையில் ஏறி உட்கார்ந்துவிட்டோம்.

இதில் கீபோர்டுக்குப் பின்னால் இரண்டு மடக்குக் கால்கள் வேறு. அதை நிமிர்த்தி வைத்தால்தான் கீபோர்டு என்று பாதிப் பேர் நினைக்கிறார்கள். எழுத்தைப் பார்த்துப் பார்த்து அடிப்பவர்களுக்கு அது உதவலாம். பார்க்காமல் அடிக்கிற நமக்கு எதற்கு? பின்பக்கம் உயர உயர மணிக்கட்டு இன்னும் மடங்கும். மடக்கி வைத்துவிடு. முடிந்தால் முன்விளிம்புக்கு அடியில் ஒரு ரீப்பர் கட்டையை வைத்து, சரிவு உன்னைவிட்டு அப்பால் போகிற மாதிரி செய். பார்க்கக் கோணலாக இருக்கும், கைக்கு நேராக இருக்கும்.

நான் செய்த வைத்தியங்களையும் சொல்கிறேன். இழுக்கிற தட்டு வைத்த கம்ப்யூட்டர் டேபிள் ஒன்று வாங்கினேன். மெல்லிய கீபோர்டை நினைத்துச் செய்த தட்டு அது. இதை வைத்து உள்ளே தள்ளினால் எஃப்1, எஃப்2 இருக்கிற வரிசை மேலே உரசும். வெளியே இழுத்து அடித்தால் தட்டு ஓடுகிற சேனல் ஆடும், மௌசுக்கு இடமில்லை, தொடை இடிக்கும். அதைத் தூக்கிப்போட்டுவிட்டு நாற்காலியை உயர்த்தினேன். கால் தொங்கியது. வீட்டிலிருந்து மணையைக் கொண்டுவந்து போட்டேன், ஐந்தரை அங்குலத்துக்கு ஒரு மணை எங்கே போதும்? ரெக்சின் மெத்தை வைத்த கைதாங்கி சித்திரை வெயிலில் கையோடு ஒட்டிக்கொண்டு வந்தது. அதற்குப் பதில் ஆசாரி இழைத்துக் கொடுத்த வேப்பங்கட்டை இன்றைக்கும் இருக்கிறது. அதுவும் அடிப்பதற்கு நடுவில் கை வைத்து இளைப்பாறத்தான். அதிலேயே கையை ஊன்றிக்கொண்டு அடித்தால் பழைய கதைதான்.

கடைசியில் இரும்பு மேசையை வெல்டிங் கடைக்கு ஏற்றிக்கொண்டு போய் நாலு காலிலும் நாலு அங்குலம் அறுத்துவிட்டேன். நாற்காலியை மிச்ச ஒன்றரை அங்குலம் ஏற்றி, காலுக்கு மணை. தொடைக்கும் பலகைக்கும் நடுவில் ஒரு விரல் இடம்தான் இருக்கிறது, ஆனால் தோள் இறங்கிவிட்டது. மேசையோடு மானிட்டரும் இறங்கிப்போனதால் கழுத்து குனிந்தது. ஏ4 ரீம் இரண்டை அடியில் வைத்தேன், கணக்காக நாலு அங்குலம். பேப்பர் தீர்ந்துபோகிற நாளில் அதைப் பிரிக்கப் பையன் கை நீட்டுவான், அதட்டி வைத்திருக்கிறேன். கையெழுத்துப் போட வருகிறவர்கள்தான் பாவம். "ஏந் தம்பி, இது மேசையா, திண்ணையா?" என்று கேட்டுக்கொண்டே முதுகை வளைக்கிறார்கள்.

இதைத் தயாரிக்கிறவர்களுக்குத் தெரியாதா என்றால், தெரியும். 1980-களிலேயே ஜெர்மனியில் அலுவலகக் கீபோர்டுக்கு நடு வரிசை 30 மில்லிமீட்டருக்கு மேல் போகக் கூடாது என்று தரநிலை வகுத்துவிட்டார்கள். என்னுடையது 38-க்குக் குறையாது. 8 மில்லிமீட்டர்தானே என்று தோன்றும். நாள் முழுக்கக் கையைத் தூக்கிக்கொண்டு அடித்துப் பார்த்தால் தெரியும். உயரம் குறைந்த மெக்கானிக்கலும் இப்போது வருகிறது. ஒன்றைத் தொட்டுப் பார்த்தேன். மோசமில்லை, ஆனால் அடித்தால் இந்த நிறைவு வரவில்லை.

ஆக, வாங்காதே. கைக்கு இதைப்போல அடிக்கிற கீபோர்டு இன்னொன்று இல்லை, ரிப்பேர் ஆகும், வருடக்கணக்கில் உழைக்கும், விலையும் இறங்கியிருக்கிறது, எல்லாம் சரி. வாங்காதே. விலையில் குறைந்த காசு வெல்டிங்குக்கும் ஆசாரிக்கும் வண்டி வாடகைக்கும் போய்விடும், அப்புறம் அண்ணன் சொல்லவில்லையே என்பாய். என்னுடையதைக் கொடுங்கள் என்று கேட்கவும் கேட்காதே, தர மாட்டேன். ஒருநாள் டேப்போடு கடைக்கு வா, என் மேசையில் உட்கார்ந்து ரெண்டு பக்கம் அடித்துப் பார். மத்தியானம் ரெண்டு மணிக்கு மேல் வந்தால் கூட்டம் இருக்காது.