மூன்று வாரத்துக்கு ஒருமுறை கேட்கப்படும் கேள்வி: பகாவ் பயண அனுபவம்

இந்த முறை ஊருக்குப் போனபோது பெரும்பாலான பொழுது மருத்துவமனைக் காரியங்களிலேயே கழிந்தது. ஊர் என்பது மலேசியாவின் நெகிரி செம்பிலான் மாநிலத்தில் உள்ள பகாவ். ஒருகாலத்தில் சுற்றிலும் ரப்பர்; இப்போது கண்ணுக்கெட்டியவரை செம்பனை. என் தாய்மாமா அங்கே ஒரு தோட்டத்தில் பால்மரம் வெட்டி ஓய்வுபெற்று, டவுனை ஒட்டிய தாமானில் (வீடமைப்புக் குடியிருப்பில்) குடியிருக்கிறார். பெருங்குடலில் புற்றுநோய் என்று தெரியவந்து, அறுவைச் சிகிச்சை முடிந்து, கீமோ நடந்துகொண்டிருக்கிறது. நான் கனடாவின் ஒண்டாரியோ மாகாணத்தில் ஒரு புற்றுநோய் மையத்தின் பதிவு முகப்பில் வேலை செய்பவள். ஆகவே இங்கே எழுதுவதில் மருமகளின் கவலையோடு தொழில் பழக்கமும் கலந்திருக்கும்.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். அரசு மருத்துவமனையின் நிபுணத்துவ கிளினிக்கில் குடிமக்கள் கட்டுவது 5 வெள்ளி (ரிங்கிட்). ஊர்க் கிளினிக்கில் 1 வெள்ளி. அறுவைச் சிகிச்சை செய்த குழுவையும் ஊசி ஏற்றும் பிரிவின் மிசிகளையும் (செவிலியர்களையும்) குறை சொல்ல எனக்கு ஒன்றுமில்லை. மருந்தைப் பற்றிய விளக்கத்தை மலாயில் சொல்லி, மாமா புரியாமல் விழித்தபோது வார்டில் இருந்த தமிழ்ப் பணியாளர் ஒருவரைக் கூப்பிட்டு மறுபடியும் சொல்ல வைத்தார்கள். மலேசியாவில் மார்பகப் புற்றுநோய்க்கு அடுத்தபடியாக அதிகம் காணப்படுவது பெருங்குடல், மலக்குடல் புற்றுநோய்தான் என்பதால், இந்தச் சிகிச்சையில் அவர்களுக்குக் கைப்பழக்கம் இருக்கிறது. சிக்கல் மருத்துவமனைக்கு உள்ளே இல்லை. ஓர் ஊசிக்கும் அடுத்த ஊசிக்கும் இடைப்பட்ட நாட்களில் இருக்கிறது.

மாமாவுக்குக் கொடுப்பது ஆக்சாலிபிளாட்டின் ஊசி மூன்று வாரத்துக்கு ஒருமுறை, அதோடு கேப்பசிட்டபின் மாத்திரை 14 நாள், பிறகு ஒரு வாரம் ஓய்வு. மருத்துவரைப் பார்ப்பது அடுத்த ஊசிக்கு முன்பு, அதாவது ஓய்வு வாரத்தின் கடைசியில். மூன்று வாரத்தில் உடம்பு ஓரளவு தேறி நிற்கும் நாள் அதுதான். "எப்படி இருக்கிறீர்கள், ஐயா?" என்று கேட்டால் "பரவாயில்லை, டாக்டர்" என்ற பதில் வருகிறது. அவர் பொய் சொல்லவில்லை. அன்றைக்கு உண்மையாகவே பரவாயில்லைதான்.

பரவாயில்லாத நாட்கள் எங்கே பதிவாகியிருந்தன என்றால், அத்தையின் சமையலறைச் சுவரில், சீனர் மளிகைக் கடையில் கொடுத்த பெரிய கட்டம் போட்ட நாட்காட்டியில். மாமா கழிப்பறைக்குப் போய் வரும் ஒவ்வொரு தடவைக்கும் அத்தை பென்சிலால் ஒரு கோடு போட்டிருந்தார். வழக்கமான நாட்களில் இரண்டு கோடு. மாத்திரையின் பத்தாம் நாள் கட்டத்தில் ஏழு, அடுத்த நாள் ஒன்பது. இரவில் எழுந்தவற்றுக்குப் பக்கத்தில் சிறு புள்ளி. இதை யாரும் அவருக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை. அரிசிக் கஞ்சி எத்தனை வேளைக்கு வைப்பது என்று கணக்குப் பார்க்கவே போட்டாராம்.

அந்தக் கோடுகளுக்கு மருத்துவத்தில் திட்டமான பொருள் உண்டு. கீமோவின் பக்கவிளைவுகளை அளக்கும் அமெரிக்கத் தேசியப் புற்றுநோய்க் கழகத்தின் அளவுகோலில், வழக்கத்தைவிட நாளுக்கு நான்கு முதல் ஆறு தடவை கூடுதலாகப் போனால் அது இரண்டாம் நிலை. ஏழும் அதற்கு மேலும் கூடினால் மூன்றாம் நிலை. இரண்டாம் நிலை வந்தாலே கேப்பசிட்டபினை நிறுத்திவிட்டு மருத்துவமனைக்குத் தெரிவிக்க வேண்டும். மாமாவோ, கொடுத்த மாத்திரையை மீதம் வைக்கக்கூடாது என்று பதினான்கு நாளும் முழுங்கியிருக்கிறார். தோட்டத்தில் மழையென்றும் காய்ச்சலென்றும் பாராமல் மரத்துக்குப் போன மனிதர். வலியைச் சொன்னால் சம்பளம் போகும் என்ற பழக்கம் இப்போது வலியைச் சொன்னால் ஊசியைத் தள்ளிப்போடுவார்கள் என்ற பயமாக மாறியிருக்கிறது.

விரல் விஷயம் இன்னும் வேடிக்கை, அல்லது வேடிக்கையாகத் தொடங்கியது. பணம் எடுக்க அவரோடு வங்கிக்குப் போனேன். மைகார்டு என்ற அடையாள அட்டையைச் செருகிப் பெருவிரலை வைத்தால் கருவி ஏற்கவில்லை. வலது, இடது, துடைத்து, ஊதி, மறுபடியும் வைத்தும் பலனில்லை. முகப்பில் இருந்த பெண் பொறுமையாக வேறு வழியில் சரிபார்த்து முடித்துக் கொடுத்தார். கையைத் திருப்பிப் பார்த்தால் விரல் நுனிகள் சிவந்து, வழவழப்பாகி, ஓரங்களில் தோல் உரிந்திருந்தது. "பால் உறைய வைக்கும் ஆசிட்டில் ஊறின கை, அப்படித்தான் இருக்கும்" என்றார் மாமா. உண்மையில் இது கேப்பசிட்டபின் உள்ளங்கையிலும் பாதத்திலும் உண்டாக்கும் தோல் பாதிப்பு. கைரேகையே அழிந்துபோவதும் அதில் சேரும். இந்த மருந்தை எடுத்துக்கொண்டிருந்த சிங்கப்பூர்க்காரர் ஒருவரை, கைரேகை இல்லையென்று அமெரிக்கக் குடிநுழைவில் நிறுத்தி வைத்த சம்பவம் 2009இல் மருத்துவ இதழிலேயே வந்தது. மருந்தின் அளவைக் குறைத்தால் இது அடங்கும். ஆனால் அளவைக் குறைக்க வேண்டியவருக்கு இது தெரிந்திருக்க வேண்டுமே!

ஒண்டாரியோவில் 2007 முதல் புற்றுநோய் மையங்களில் நோயாளிகளே தங்கள் அறிகுறிகளுக்குப் பூஜ்ஜியம் முதல் பத்து வரை மதிப்பெண் போடும் முறை நடப்பில் இருக்கிறது. எட்மண்டன் நகரில் எடுவார்தோ புருவேரா என்ற மருத்துவரும் குழுவினரும் 1991இல் வெளியிட்ட அட்டவணை அதன் அடிப்படை. வலி, சோர்வு, தூக்கக் கலக்கம், குமட்டல், பசியின்மை, மூச்சுத் திணறல், மனச்சோர்வு, பதற்றம், மொத்தத்தில் உடல்நலம் என்று அதன் அடிப்படைக் கேள்விகள் ஒன்பது. என் முகப்புக்குப் பக்கத்திலேயே தொடுதிரை இருக்கிறது. தாளில் அச்சாகி மருத்துவரின் கைக்குப் போவதை தினமும் பார்க்கிறேன். ஆனால் மாமாவை வைத்துப் பார்த்தபோது எனக்கு உறைத்தது, வயிற்றுப்போக்கு அந்த ஒன்பதில் இல்லை, விரல் உரிவதும் இல்லை. அந்த ஒன்பது மட்டும் உள்ள தாளில், நோயாளி தானாக எழுத வேண்டிய "வேறு பிரச்சினை" என்ற பத்தாவது இடத்தில்தான் அவை வரும். குடலிலும் வயிற்றிலும் நோய் வந்தவர்களுக்குப் பொதுப் பட்டியல் போதாது.

இப்படிக் கேட்பதால் என்ன பயன் என்பதற்குச் சான்று உண்டு, அதற்கு எல்லையும் உண்டு. நியூயார்க்கின் மெமோரியல் ஸ்லோன் கெட்டரிங் மையத்தில் ஈத்தன் பாஷ் குழுவினர் 766 பேரிடம் நடத்திய ஆய்வில், அறிகுறிகளைக் கணினி வழியே தெரிவித்து, மோசமானால் செவிலியருக்கு உடனே தகவல் போன நோயாளிகள் இடைநிலைக் கணக்கில் (பாதிப்பேர் அதற்கு மேல் வாழ்ந்த அளவு) 31.2 மாதம் வாழ்ந்தார்கள். வழக்கமான கவனிப்பில் இருந்தவர்கள் 26 மாதம். அந்த முடிவு 2017இல் வந்தபோது எங்கள் மையத்தில் எல்லோரும் அதைப் பற்றியே பேசினார்கள். ஆனால் அந்த ஆய்வில் இருந்தவை மார்பகம், நுரையீரல், சிறுநீர், இனப்பெருக்க உறுப்புப் புற்றுநோய்கள். குடல் அதில் இல்லை. பிறகு 52 சிகிச்சை மையங்களில் 1,191 பேரை வைத்து, பல உறுப்புகளில் தொடங்கிப் பரவிய புற்றுநோய்களுக்கு நடத்திய பெரிய ஆய்வில் உடலியக்கமும் அறிகுறிக் கட்டுப்பாடும் மேம்பட்டன, ஆயுள் நீளவில்லை. எனக்கு இதுவே போதும். ஒன்பது தடவை எழுந்திருக்க வேண்டிய ஒரு நாளை நான்காகக் குறைக்க முடிந்தால், ஆயுள் கணக்கைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

பக்கத்துத் தெருவில் மலக்குடல் அறுவைச் சிகிச்சை செய்துகொண்ட ஒருவர் இருக்கிறார். மலம் சேர்வதற்கு வயிற்றில் வைத்திருந்த பையை எடுத்து, குடலை மறுபடி இணைத்து, "குணமாகிவிட்டது" என்று அனுப்பிவிட்டார்கள். அவரோ மாரியம்மன் கோயில் திருவிழாவுக்குக்கூட வருவதில்லை. அடக்க முடியாத அவசரம், ஒருமுறை போய் வந்து உட்கார்வதற்குள் மறுபடியும் போக வேண்டிய நிலை, வாயுவா மலமா என்று தெரியாத சங்கடம். இதற்கென்றே டென்மார்க்கில் உருவாக்கி 2012இல் வெளியிட்ட ஐந்து கேள்விகள் உள்ளன. மொத்தம் 42 புள்ளி, 30ஐத் தொட்டால் கடுமையான பாதிப்பு. ஐந்து நிமிட வேலை. உணவு மாற்றம், மருந்து, இடுப்புத்தளத் தசைப் பயிற்சி என்று செய்வதற்கு வழிகள் இருக்கின்றன. அவரிடம் யாரும் கேட்கவில்லை. அவரும், ஆண்பிள்ளை இதையெல்லாம் வாய்விட்டுச் சொல்வதா என்று இருந்துவிட்டார்.

பழைய தோட்டங்களில் மருந்து கொடுத்துக் காயம் கட்டும் டிரெசர் என்றொருவர் இருந்தார். பெரிய படிப்பு இல்லை. சில தோட்டங்களில் நல்ல மனிதரும் இல்லை. ஆனால் தொழிலாளர் குடியிருந்த லயத்தில் யாருக்கு வயிற்றால் போகிறது என்பது பொழுது விடிவதற்குள் அவருக்குத் தெரியும். தோட்டங்கள் துண்டாடப்பட்டுச் சனங்கள் தாமான்களுக்குக் குடிபெயர்ந்தபோது அந்தக் காது போய்விட்டது. இப்போது எல்லார் கையிலும் திறன்பேசி இருக்கிறது, வாட்ஸ்அப் இருக்கிறது, கிளினிக் முன்பதிவைக்கூட மைசெஜாத்ரா என்ற அரசுச் செயலியில் செய்கிறார்கள். தெரிவிக்கும் வழிக்குப் பஞ்சமில்லை. மறுமுனையில் வாங்கிப் பார்த்து, "மாத்திரையை இன்றைக்கு நிறுத்துங்கள்" என்று சொல்ல ஆள் வேண்டும். மருத்துவமனை கொடுத்த எண்ணுக்கு நான் இரண்டு காலையில் முயன்றேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது.

அடுத்த ஊசிக்கு விடியுமுன் புறப்பட்டோம். குவாலா பிலா, புக்கிட் புத்துஸ், சிரம்பான் தாண்டிப் போக வேண்டும். பெரியவர்களுக்கான பாம்பர்ஸ், மாற்றுக் கைலி, எங்கெங்கே பெட்ரோல் நிலையம் என்ற மனக்கணக்கு. இந்த முறை "பரவாயில்லை, டாக்டர்" வருவதற்கு முன்பே அத்தை நாட்காட்டித் தாளை மேசையில் விரித்துவிட்டார். இளம் மருத்துவர் கோடுகளை எண்ணினார், புள்ளிகள் எதற்கென்று கேட்டார், மாமாவின் கையைத் திருப்பிப் பார்த்தார், சட்டைப் பொத்தான் போட முடிகிறதா, நடக்கும்போது செருப்பு நழுவினால் தெரிகிறதா என்று நரம்புப் பாதிப்பையும் விசாரித்தார். ஊசியை ஒரு வாரம் தள்ளி, மாத்திரையின் அளவைக் குறைத்து, இத்தனை கோடு வந்தால் நிறுத்த வேண்டும் என்று அந்தத் தாளின் ஓரத்திலேயே எழுதிக் கொடுத்தார். ஊசிப் பிரிவு மிசி ஒருவர் வேறொரு எண்ணையும் தந்தார், அது எடுக்கப்படுகிறது.

ஊரில் சொந்தக்காரர்களுக்காக அலைபவர்களுக்கு ஒரு தகவல். நாற்பது வயதுக்கு மேற்பட்ட, அரசின் ரொக்க உதவி பெறும் குடும்பத்தவர்களுக்கு பெக்கா பி40 என்ற, குறைந்த வருமானத்தாருக்கான சுகாதாரத் திட்டத்தில் புற்றுநோய்ச் சிகிச்சையை முடிப்பதற்கென 1,000 வெள்ளி ஊக்கத்தொகையும், தீபகற்ப மலேசியாவில் 500 வெள்ளி வரை போக்குவரத்துச் செலவும் உண்டு. மாமாவுக்கு இது தெரியாமலே பல ஊசிகள் முடிந்துவிட்டன. சிகிச்சை பெறும் அரசு மருத்துவமனையிலேயே விண்ணப்பத்தைக் கேட்டு வாங்க வேண்டும். தாமாக யாரும் எடுத்து நீட்டுவதில்லை.