கடைவாய்ப் பல் போன இடத்தில்: பல் செட்டா, பிரிட்ஜா, இம்ப்ளான்ட்டா?

கீழ்த்தாடையில் ஒரு கடைவாய்ப் பல்லை எடுத்தாயிற்று. அந்த இடத்தை அப்படியே விட்டால் பக்கத்துப் பற்கள் சாயும், எதிர்ப்பல் இறங்கி வரும். அதனால் ஏதாவது ஒன்று வைத்தாக வேண்டும். நான் வைத்துக்கொண்டது இம்ப்ளான்ட். இதை நடுநிலையான அலசல் என்று யாரும் நம்ப வேண்டாம்.

கழற்றி மாட்டும் பல் செட்டுதான் மூன்றிலும் மலிவு. ராத்திரி கழற்றித் தண்ணீரில் போட வேண்டும். பல பற்கள் போனவர்களுக்குச் சரி. ஒற்றைக் கடைவாய்ப் பல்லுக்காக வாய்க்குள் கம்பியும் பிளாஸ்டிக்கும் சுமக்க எனக்குப் பொறுமை இல்லை. அம்மாவின் செட் பந்தியில் உட்கார்ந்ததும் கைக்குட்டைக்குள் போய்விடும்.

நிஜப் போட்டி மற்ற இரண்டுக்கும்தான். பிரிட்ஜ் என்பது இரண்டு பக்கத்துப் பற்கள் தாங்க, நடுவில் நிற்கும் பொய்ப்பல். அது சில வாரங்களில் முடிந்துவிடும், எலும்பில் கை வைக்க மாட்டார்கள். இம்ப்ளான்ட்டில் டைட்டானியம் திருகை எலும்புக்குள் இறக்கி, பிடிப்பு வரச் சில மாதங்கள் காத்திருந்து, பிறகுதான் மேலே கேப். ஒற்றைப் பல்லுக்குச் செலவும் பெரும்பாலும் இதற்கே அதிகம். புது வித்தையோ என்று பயப்பட வேண்டியதில்லை. ஸ்வீடனின் பிரானெமார்க் 1965-லேயே இதை ஒரு நோயாளிக்கு வைத்துவிட்டார்.

என் கணக்கை முடித்து வைத்தது ஒரே கேள்வி: பின்னால் பழுதானால் எத்தனை பல் போகும்?

பிரிட்ஜுக்கு இரண்டு பக்கத்துப் பற்களையும் சுற்றிலும் ராவி, மூன்றையும் ஒரே துண்டாக ஒட்டிவிடுகிறார்கள். ராவிய எனாமல் திரும்ப வளராது. நடுவில் தொங்கும் பொய்ப்பல்லுக்குக் கீழே முருங்கைக்காய் நார் ஒன்று புகுந்தால் பிரஷ்ஷால் எடுக்க முடியாது. நுனி விறைப்பாக உள்ள நூலைப் பக்கவாட்டில் கோத்து இழுக்க வேண்டும், அதுவும் தினமும். எங்கள் வீட்டில் பெரியப்பாவுக்கு பிரிட்ஜ் இருக்கிறது. அந்த நூலை அவர் கண்ணால்கூடப் பார்த்ததில்லை. கேப்புக்கு அடியில் தாங்கு பல் சொத்தையானது. ரூட் கெனால் செய்த பல் என்பதால் வலியே இல்லை, ஆட ஆரம்பித்தபோதுதான் தெரிந்தது. மொத்தத்தையும் அறுத்தெடுத்தார்கள். ஒரு ஓட்டை அடைக்கப் போய், இப்போது இரண்டு.

இம்ப்ளான்ட்டில் பக்கத்துப் பல்லை யாரும் தொடுவதில்லை. எனக்கு ஒருமுறை கேப் லேசாக ஆடியது. மேலே அடைத்திருந்த சிமென்ட்டை எடுத்து, உள்ளே இருக்கும் திருகை டார்க் ரெஞ்சால் (இறுக்கத்தை அளந்து முறுக்கும் கருவி), அது 'டிக்' என்று மடங்கும்வரை முறுக்கி, திரும்ப அடைத்துவிட்டார்கள். அதனால் கேப்பை ஒட்டாமல் திருகும் வகை கிடைக்குமா என்று முதலிலேயே கேளுங்கள்.

இதற்கும் பராமரிப்பு உண்டு. டைட்டானியம் சொத்தையாகாது, ஆனால் சுற்றியுள்ள ஈறு கெட்டால் எலும்பு கரையும். இயற்கைப் பல்லைத் தாடையோடு கட்டியிருக்கும் மெல்லிய நார் இதில் இல்லை, அதனால் எவ்வளவு அழுத்திக் கடிக்கிறோம் என்பது சரியாகத் தெரியாது. முறுக்கு கடிக்கும்போது இன்னமும் அந்தப் பக்கம் கொஞ்சம் பார்த்துத்தான் கடிக்கிறேன். எனக்கு வைத்து அதிக காலம் ஆகவில்லை, இருபது வருட உழைப்பைப் பற்றி நான் சாட்சி சொல்ல முடியாது. மேல்தாடைப் பின்பக்கம் என்றால் சைனஸ் என்ற காற்றறை நெருங்கி இருப்பதால் எலும்பு போதாமல் போகலாம், என் அனுபவம் அங்கே செல்லாது.

சர்க்கரை கட்டுக்குள் இல்லாதவர்களும் சிகரெட்டை விட முடியாதவர்களும் அவசரப்பட வேண்டாம், எலும்பு ஒட்டாமல் போகும் வாய்ப்பு அவர்களுக்கு அதிகம். பக்கத்துப் பற்கள் இரண்டுக்கும் எப்படியும் கேப் போடத்தான் வேண்டும் என்றால், நானே பிரிட்ஜைத்தான் சொல்வேன்.

இம்ப்ளான்ட்தான் என்று முடிவெடுத்தால், அதன் கம்பெனி, மாடல், அளவு எழுதிய அட்டையைக் கேட்டு வாங்கி வையுங்கள். ஒரு கம்பெனியின் திருகும் டிரைவரும் பெரும்பாலும் இன்னொன்றுக்குப் பொருந்தாது. ஊர் மாறிப் போய் வேறு டாக்டரிடம் வாயைத் திறக்கும்போது அவர் முதலில் கேட்பது அந்த அட்டையைத்தான்.