டாவின்சி ரிசால்வில் ஸ்லோ மோஷன்: எது தேறும், எது இழுக்கும்

ஃப்ரேம்களுக்கு (வீடியோவின் தனித்தனிப் படங்களுக்கு) இடையே புதியவற்றை ஊகித்து உருவாக்கும் ஆப்டிகல் ஃப்ளோ இலவசப் பதிப்பிலேயே கிடைப்பதுதான் வீடியோ எடிட்டிங் மென்பொருளான ரிசால்வின் பெரிய பலம். ஆனால் விநாடிக்கு 120 ஃப்ரேமில் எடுத்த கிளிப்புக்கு அது தேவையே இல்லை. 24 ஃப்ரேம் டைம்லைனில் வேகத்தை 20 சதவீதமாக வைத்தால் ஒவ்வொரு ஃப்ரேமும் ஒரே முறை வரும், வழவழவென்று ஓடும். 30 சதவீதம் வைத்தால் டைம்லைனின் ஒரு ஃப்ரேமுக்கு கிளிப்பில் ஒன்றரை ஃப்ரேம் என்று கணக்காகி, படம் தத்தித் தத்தி நகரும். டைம்லைன் ஃப்ரேம் ரேட்டை முதலிலேயே முடிவு செய்யுங்கள்; கிளிப் உள்ளே வந்தபின் அதை மாற்ற முடியாது.

24, 25 ஃப்ரேமில் எடுத்ததை இழுக்கும்போதுதான் ஆப்டிகல் ஃப்ளோவின் உண்மையான சோதனை. கிளிப்பின் அமைப்புகளைக் காட்டும் இன்ஸ்பெக்டரில் ரீடைம் பிராசஸை ஆப்டிகல் ஃப்ளோவுக்கும், மோஷன் எஸ்டிமேஷனை என்ஹான்ஸ்டு பெட்டருக்கும் மாற்றுங்கள். வெற்றுச் சுவர் முன் நடப்பவர் 50 சதவீதத்தில் அழகாக வருவார். கை முகத்தைக் கடக்கும் இடத்தில் மட்டும் கன்னம் ரப்பர் மாதிரி இழுபடும். கைக்குப் பின்னால் மறைந்ததை மென்பொருள் ஊகிப்பதால் வரும் கோளாறு அது. அந்தச் சில ஃப்ரேம்களைத் தனித் துண்டாக வெட்டிப் பிரித்து, அங்கே மட்டும் ரீடைம் பிராசஸை, இருக்கும் ஃப்ரேமையே திரும்பக் காட்டும் நியரஸ்டுக்கு மாற்றினால் தப்பலாம். தெறிக்கும் தண்ணீர், பறக்கும் முடி இரண்டுக்கும் இந்த வைத்தியம் பலிக்காது; அதிக ஃப்ரேமில் எடுப்பதே வழி.

மோஷன் எஸ்டிமேஷனில் உள்ள இன்னொரு தேர்வான ஸ்பீடு வார்ப் இன்னும் சுத்தம். ஆனால் அது கட்டண ஸ்டுடியோ பதிப்பில் மட்டும்தான், நல்ல கிராஃபிக்ஸ் கார்டும் கேட்கும். பிளேபேக் திக்கினால், ரெண்டர் கேஷ் (முன்கூட்டியே கணக்கிட்டுச் சேமித்து வைப்பது) முடிந்தபின் பார்த்துத் தீர்மானியுங்கள்.